பக்கவாதத்துக்குப் பிறகு

நேற்று வரை வயலில் வேலை செய்தவர். இன்று காலை வாய் கோணியிருக்கிறது. ஒரு கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது. இதுதான் பக்கவாதம்.

இது பேய் அடித்து வருவதில்லை. மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் அடைபடுகிறது. அல்லது வெடிக்கிறது. அடைப்பைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெடிப்பாக இருந்தால் அதே ஊசி ஆபத்து. எது என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆகவே ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். புறா இரத்தம் தேய்ப்பதில் போகும் நேரம் திரும்பி வராது.

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தால் அடுத்த வேலை தொடங்குகிறது. பெரும்பாலும் அது மனைவி, மகள், மருமகள் தலையில்தான் விழுகிறது. எப்படிச் செய்வது என்று பல இடங்களில் யாரும் சொல்லித் தருவதில்லை.

படுத்திருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் சீழ் பிடிக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். விழுங்க முடிகிறதா என்று முதலில் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ள வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவார்கள். தோள்மூட்டு நழுவிவிடும். பேச்சு வராதவருக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்து, அவர் எதிரிலேயே கடன் கணக்குப் பேசுவார்கள். பலருக்கு எல்லாம் புரியும். வார்த்தைதான் வராது.

இப்போது ஒரு புதுக் கருவி வந்திருக்கிறது. பெரிய மூக்குக்கண்ணாடி போல முகத்தில் மாட்டிக்கொள்வது. மாட்டியதும் தோட்டத்துக்குள் நிற்பது போலத் தெரியும். மரத்தில் பழம் தொங்கும். கையை நீட்டிப் பறிக்க வேண்டும். உண்மையில் அவர் நாற்காலியில்தான் இருக்கிறார்! ஆனால் சலிக்காமல் ஐம்பது தடவை கை நீட்டிவிடுவார். திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை மறந்ததைக் கற்கும். வெளிநாடுகளில் நோயாளிகளும் குடும்பத்தாரும் இப்படிக் கணினிக்குள் அமைத்த அறையில் கூடி, நோயைப் பற்றிக் கற்கவும் ஆறுதல் பெறவும் முயற்சிகள் நடந்தன. வழக்கமான பயிற்சியோடு சேர்த்தால் இந்தக் கருவி உதவலாம். கருவி இல்லாத ஊரில் டம்ளரை எடுத்து எடுத்து வைப்பதும் பயிற்சியே.

எல்லாவற்றையும் குடும்பமே செய்துவிட முடியுமா? இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். பாதிப் பேரின் வீட்டாருக்குக் கூடுதலாகப் பயிற்சி முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இரு பிரிவினரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். வீட்டாரின் பாசத்தில் குறை இல்லை. பயிற்சி நிபுணரின் வேலையை அவர்கள் தலையில் கட்டினால் போதாது, அவ்வளவுதான்.

பார்த்துக்கொள்பவரும் தூங்க வேண்டும். தினம் ஒரு மணி நேரமாவது வேறொருவர் அருகில் இருக்கலாம். ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்க 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம்.