ஏடும் மேடையும்

நாடு விட்டு நாடு செல்பவன் எதை எடுத்துச் செல்கிறான்? பெட்டி படுக்கை, பிள்ளை குட்டி. கையிலே கொஞ்சம் காசு, நெஞ்சிலே நிறைய ஏக்கம். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். சுங்கச் சாவடியில் எவரும் சோதிக்க முடியாத உடைமை இன்னொன்று உண்டு. அதுதான் தாய்மொழி! அந்த உடைமையின் அருமையைக் கடல் கடந்த பிறகே கண்டுகொண்ட ஒருவரைப் பற்றி இன்று சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் பெயர் ஜேக்கப் கார்டின். 1853-இல் உக்ரைன் மண்ணிலே, யூதக் குடியிலே பிறந்தவர். அன்று அது ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. வீட்டிலே இத்திஷ் பேச்சு. ஏட்டிலே ரஷ்ய எழுத்து. 1881-இல் ஜார் மன்னர் கொல்லப்பட்டார். பழி யூதர் தலையிலே விழுந்தது. கடைகள் சூறையாடப்பட்டன, குடும்பங்கள் கலங்கின. 1883-இல் இத்திஷ் நாடகத்துக்கும் தடை போட்டது ஜார் அரசு. ஊரைத் தாக்கினார்கள், பிறகு நாவையும் கட்டினார்கள்! இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். 1891-இல் கார்டினும் ஏறினார்.

உழவுப் பண்ணை அமைத்துக் கூட்டாக வாழ்வது அவர் கண்ட கனவு. நியூயார்க்கில் அவருக்குக் கிடைத்ததோ பண்ணை அல்ல, பசி! பெரிய குடும்பம், பிழைக்க வழி வேண்டும். இத்திஷ் தொழிலாளர் ஏட்டிலே எழுதத் தொடங்கினார். 'கொச்சை' என்று கற்றவர்கள் எள்ளிய மொழி அது. ஆனால் தையற்கூடத்திலே முதுகு வளைந்த தொழிலாளி சிரித்ததும் அழுததும் அந்த மொழியிலேதான்.

அந்த எழுத்தைக் கண்டுதான் நடிகர் ஜேக்கப் ஆட்லர் அவரிடம் நாடகம் கேட்டார். அன்றைய இத்திஷ் மேடை எப்படி இருந்தது? அரசர் வருவார், ஆடுவார். காதலி மடிவாள், மடியுமுன் பாடுவாள்! எழுதியதை விட்டுத் தோன்றியதைப் பேசுவது நடிகர் வழக்கம். கார்டின் தந்த 'சைபீரியா'விலோ, தண்டனையிலிருந்து தப்பி, பெயர் மாற்றி நல்வாழ்வு வாழும் ஒருவன், தொழில் போட்டியாளனால் காட்டிக் கொடுக்கப்படுகிறான். அவ்வளவுதான் கதை. ஆட்டம் எங்கே, பாட்டு எங்கே என்று கூட்டம் சலசலத்ததாம். ஆட்லர் முன்னே வந்து, அமைதியாகக் கேட்கும்படி மன்றாடினாராம். பிறகு கொட்டகை அடங்கியது, இறுதியிலே கலங்கியது.

1892-இல் 'யூத லியர் அரசன்' வந்தது. ஷேக்ஸ்பியரின் அரசன் இங்கே வில்னா நகரத்து வணிகன். சொத்தைப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, சோற்றுக்குக் கையேந்துகிறான். பார்த்தவர்களின் நெஞ்சிலே தைத்தது. ஏன்? பெற்றோரை ஊரிலே விட்டுவிட்டு வந்தவர்கள் அல்லவா அவர்கள்! "பாவிப் பிள்ளைகளை விடும்; என் வீட்டுக்கு வாரும், சோறு போடுகிறோம்" என்று ஒருவர் எழுந்து கூவினார் என்றும், மறுநாள் காலையிலே இளைஞர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வங்கி வாசலிலே நின்றார்கள் என்றும் நாடக வரலாறு சொல்கிறது. சற்றுக் கூட்டிச் சொன்னதாகவே இருக்கட்டும். ஒரு நாடகத்தைப் பற்றி இப்படியொரு கதை பிறப்பதே பெருமை இல்லையா?

1898-இல் 'மிரலே எஃப்ரோஸ்'. குடும்பத்தை ஆண்ட தாய், மருமகள் கையிலே அதிகாரத்தை இழக்கும் கதை. இவ்வாறு சுமார் 70 நாடகங்கள். நடுவே ஏட்டுக்குக் கதை, கட்டுரை, தொழிலாளருக்குச் சொற்பொழிவு. காலையிலே பேனா, மாலையிலே ஒத்திகை. "எழுதியதைப் பேசு!" என்று நடிகரோடு போராட்டம், "பாட்டைக் கொடு!" என்ற கூட்டத்தோடும் போராட்டம்.

எல்லோரும் போற்றினார்களா? இல்லை. வைதிகர் வைதனர். அவரைப் போலவே ரஷ்யாவிலிருந்து வந்தவர், 'ஃபார்வர்ட்ஸ்' ஏட்டின் ஆசிரியர் எபிரகாம் கேஹன். அவரே கடைசி ஆண்டுகளில் கார்டின் நாடகங்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். எந்த ஏட்டு உலகம் அவருக்கு வாழ்வு தந்ததோ, அந்த உலகத்திலிருந்தே வந்தது அடி! 1909-இல், 56 வயதிலே, அவர் மறைந்தார். அன்று தெருவை நிறைத்தவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். அவர்கள் திறனாய்வாளர் அல்லர். தைப்பவர், சலவை செய்பவர், தள்ளுவண்டியிலே விற்பவர்.

மக்களுக்குப் பிடித்ததைக் கொடுத்தால் கைதட்டல் எளிதிலே கிடைக்கும். தேவையானதைக் கொடுக்கத் துணிவு வேண்டும். மக்களின் சொந்த மொழியிலேயே அதைக் கொடுக்க அன்பும் வேண்டும். கார்டினிடம் இரண்டும் இருந்தன. பண்ணை அமைக்கப் புறப்பட்டவருக்கு ஏர் பிடிக்க நிலம் கிடைக்கவில்லை. ஏட்டிலும் மேடையிலும் உழுதார், விளைச்சல் வீண்போகவில்லை!