ரூன்ஸ்கேப் உலகிற் புதிதாய்ப் புகுவார்க்கு

ஆவடியினின்று சென்னை நோக்கி வரும் காலை மின்சாரவண்டியில் எம்முடன் பயணஞ்செய்யும் மாணாக்கருட் சிலர், கைப்பேசியைக் குனிந்து நோக்கியவாறு மரம் வெட்டிக்கொண்டிருப்பர். அம்பத்தூரில் வண்டி நிற்குமுன் ஒரு சுமை விறகு சேர்ந்துவிடும். கொரட்டூர் கடக்குமுன் அவ்விறகில் தீ மூட்டப்பட்டு, அதன்மேல் இறால் வெந்துகொண்டிருக்கும். அருகிருந்து காணும் முதியோர், "இதற்கோ தம்பி கல்லூரிக்குப் போகின்றாய்?" என வினவுதலும் உண்டு. யாமும் அவ்வாறு வினவப்பட்டோருள் ஒருவரே. வண்டியில் விடைகூற நாணி வாளாவிருந்தோமாதலின், இவ்வாட்டம் யாது, இதனுட் புதிதாய்ப் புகுவார் அறியத்தக்கன யாவை என்பவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இதன் பெயர் ரூன்ஸ்கேப். வேடம் புனைந்து ஆடும் ஆட்டவகையைச் சேர்ந்தது. ஆடுவார் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயரும் ஓர் உருவும் பூண்டு, கிலினோர் என்னுங் கற்பனையுலகிற் புகுந்து, தொழில்புரிந்தும் போர்செய்தும் வாழ்வர். தெருக்கூத்தில் அருச்சுனன் வேடம் பூண்டான் கதையின் முடிவை முன்னரே அறிவான்; ஈண்டோ கதைக்கு முடிவென ஒன்றில்லை; உடனாடுவார் யாவரென அறிதற்கும் வழியில்லை. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் மேசையாட்டத்தை இவ்வகைக்கு முன்னோடியாகக் கூறுவர். 1978-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவராகிய ராய் டிரப்ஷா, பலர் ஒருங்கே கணிப்பொறிவழிப் புகுந்து ஆடத்தக்க எழுத்துவடிவ ஆட்டமொன்றைத் தொடங்க, அவர்தம் தோழர் ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார். அவ்வழியில் வந்ததே, ஆண்ட்ரூ கவர் என்பார் தம் உடன்பிறந்தாருடன் ஆக்கி 2001 சனவரி 4-இல் வெளியிட்ட ரூன்ஸ்கேப். பின்னாளில் அது பலவாறு உருமாறவே, பழையதனை விரும்பினோர் வாக்களித்து வேண்ட, 2007-ஆம் ஆண்டின் வடிவம் 2013 பிப்ரவரியில் 'ஓல்டு ஸ்கூல்' என்னும் பெயரால் மீண்டுந் திறக்கப்பட்டது. 2018 அக்டோபர் முதல் அது கைப்பேசியிலும் ஆடப்படுகின்றது. யாம் கூறுவன யாவும் அதனைப் பற்றியனவே.

ஒன்றை முதற்கண் தெளிவாக்குதல் வேண்டும். இணையத்தில் ஆட்டம் என்ற அளவிலே, பணம் வைத்தாடும் ரம்மி எம் பெற்றோர்தம் நினைவில் எழுகின்றது. அவ்வச்சம் தகுவதே. அத்தகைய சூதினைத் தடுத்தற்கெனத் தமிழக அரசு 2022-இல் சட்டம் இயற்றிற்று. 2025-இல் மத்திய அரசும் இயற்றிற்று. ரூன்ஸ்கேப்பில் வென்றார்க்குப் பணம் வருவதில்லை. ஆடுதற்குக் கட்டணமும் கட்டாயமன்று. கட்டினார்க்கு நாடு விரியும், அவ்வளவே. ஆட்டப்பொருளை மெய்ப்பணத்திற்கு விற்றல் ஆட்டத்தின் விதிகளால் விலக்கப்பட்டது. எனினும் இழப்பே இல்லை எனக் கருதற்க. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

புதிதாய் வந்தாரை முதலில் ஒரு பயிற்சித்தீவில் இறக்குவர். ஆங்கு ஒருவர் மரம் வெட்டவும், தீ மூட்டவும், வலையிட்டு இறால் பிடிக்கவுங் கற்பிப்பர். மற்றொருவர் அப்பஞ்சுடக் கற்பிப்பர். வேறொருவர் சுரங்கத்திற் செம்பும் வெள்ளீயமும் அகழ்ந்து, உருக்கி வெண்கலமாக்கி, ஒரு குறுங்கத்தி செய்யக் கற்பிப்பர். வாட்போர் இவற்றின் பின்னரே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் புதிதாய்ச் சேர்ந்த பையனை முதல்நாளே கடைசல் இயந்திரத்தின்முன் நிறுத்துவாரில்லை. அதுபோன்ற ஒழுங்கே இதுவும். பலர் இத்தீவின் பாடங்களைப் படியாது விரைந்து தட்டிச் செல்வர். அவர்களே பின்னர், "தீ மூட்டுவது எப்படி?" என எம்மை வினவுவோர்.

தீவினின்று சென்று சேருமிடம் லம்பிரிட்ஜ் என்னும் சிற்றூர். ஆங்குள்ள கோட்டையின் சமையற்காரர் கலங்கி நிற்பார், தலைவருடைய பிறந்தநாள், அப்பஞ்செய்ய முட்டையும் பாலும் மாவும் இல்லை. புதியவர் மேற்கொள்ளத்தக்க முதற்பணி இதுவே என்போம். முட்டை கோழிப்பண்ணையிற் கிடக்கும். பால் பசுவிடம் கறக்கலாம். மாவே சற்றுத் தொல்லை தருவது. வயலிற் கோதுமைக் கதிர் கொய்து, காற்றாலையின் மேன்மாடத்திற் கொட்டி, விசையை இழுத்தபின், கீழ்த்தளத்திற்கு இறங்கிவந்து பானையில் ஏந்துதல் வேண்டும். யாம் முதன்முறை மேன்மாடத்திலேயே நின்று மாவு வருமென நெடுநேரம் காத்திருந்தோம். எந்த மாவு மில்லிலும் மேலே கொட்டியது கீழேதான் வருமென்பதை, மாவுத்தூக்குடன் எத்தனையோ முறை வரிசையில் நின்ற யாம் எங்ஙனம் மறந்தோமோ அறியோம்!

இனித் திறன்களைப் பற்றிச் சிறிது. மொத்தம் 24 திறன்கள். கட்டணமின்றி ஆடுவார்க்கு 15. ஒவ்வொன்றும் முதல் நிலையினின்று 99-ஆம் நிலைவரை உயரும். உடல்வலிமை ஒன்றே தொடக்கத்திலேயே பத்தாம் நிலையில் நிற்கும். இரண்டாம் நிலைக்கு வேண்டுவது 83 பட்டறிவுப்புள்ளிகளே. இறால் ஒன்றுக்குப் பத்துப்புள்ளி வீதம் ஒன்பது இறால் பிடித்தால் அந்நிலை வந்துவிடும். இவ்வெளிமையைக் கண்டு மயங்கலாகாது. ஏழு நிலைக்கு ஒருமுறை வேண்டும் புள்ளி ஏறத்தாழ இருமடங்காகின்றது. 99-ஆம் நிலைக்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். அதிற் பாதியாகிய 65,17,253 புள்ளி நிரம்பும்போது ஒருவர் நிற்பது 92-ஆம் நிலையில். ஏழே படி எஞ்சியிருக்கப் பாதி வழியே வந்திருப்பர்! ஆதலின் ஒரே தொழிலைப் பற்றிக்கொண்டு நூற்றினை நோக்கி ஓடாது, மீன்பிடித்தல், சமைத்தல், சுரங்கம், கொல்வேலை ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருந்தக் கற்பதே தொடக்கத்தில் நலம். பிடித்த மீன் உணவாகும். அகழ்ந்த உலோகம் வாளாகும். விலைகொடுத்து வாங்கும் தேவை குறையும்.

போருக்கு வருவோம். ஆற்றின் கீழ்க்கரையில் உலவும் காப்ளின் என்னும் குறும்பூதங்களும், பசுக்களும், கோழிகளுமே புதியவர்க்கு ஏற்றன. வாள் வீசும் முறையிற் பல உண்டு. ஒன்று தாக்குந்திறனையும், ஒன்று வலுவையும், ஒன்று காக்குந்திறனையும் வளர்க்கும். எதனைத் தேர்ந்திருக்கின்றோம் என நோக்காது ஒரு மாதம் ஒன்றனையே வளர்த்தார் பலர். வேல்வாள் வீரன் வில்லாளியை வெல்வான். வில்லாளி மந்திரவாதியை வெல்வான். மந்திரவாதி கவசம்பூண்ட வாள்வீரனை வெல்வான் என்பது பொதுவிதி. வாரக் நகரத்தின் தென்புறத்துக் கருமந்திரவாதிகளின் வழியே புதியவர் செல்லற்க. இறந்தால் இறந்தவிடத்திற் கல்லறை தோன்றும். பொதுவாகக் கால்மணி நேரத்துள் திரும்பிச் சென்றால் பொருளை மீட்கலாம்.

ஆட்டத்திற் காலம் 0.6 நொடி கொண்ட தாளத்தால் அளக்கப்படுகின்றது. எச்செயலும் அத்தாளத்தின் மேலேயே விழும். கைவிரைவு உடையார்க்கே வெற்றி என்னும் பிற ஆட்டங்களினின்று இஃது இவ்வகையில் வேறுபட்டது. பட்டரைவாக்கத்தருகே இணையத்தொடர்பு தள்ளாடும்போதும் எம் விறகு தடைப்படாமைக்குக் காரணம் இதுவே போலும்.

சுமக்கத்தக்க பொருள் 28 மட்டுமே. எஞ்சியவற்றை வங்கியில் வைக்க வேண்டும். வங்கிக்கு நான்கிலக்கக் கடவெண் இடலாம், முதல்நாளே இடுக. கடவுச்சொல்லை எவர் கேட்பினும் கூறற்க. ஆட்டத்தின் அலுவலர் ஒருபோதும் அதனைக் கேளார்.

இவ்விடத்திற்றான் யாம் மேலே குறித்த இழப்பைக் கூறவேண்டும். பூவிருந்தவல்லியில் வாழும் எம் சிற்றப்பாவின் மகன், பள்ளிமாணவன், எம்மைப் பார்த்தே இவ்வாட்டத்திற் புகுந்தான். கோடைவிடுமுறை முழுதும் மீன்பிடித்தும் இரும்பு அகழ்ந்தும் பொருளீட்டி, ரூன் என்னும் நீலவுலோகத்தாலாகிய தலைச்சீராவும் கேடயமும் காலணிகவசமும் வாங்கினான். ஒருநாள் பெயரறியா ஒருவன் அவனை அணுகி, "உன் கவசத்திற்குப் பொற்கரை கட்டித் தருகின்றேன், கூலி வேண்டா" என்றான். வேட்டிக்குச் சரிகைக்கரை போலக் கவசத்திற்குங் கரையுண்டு என்பது மெய்யே. ஆனால் அக்கரையுள்ள கவசங்கள் புதையற்குறிப்புச் சுருள்களின் பரிசாக வருவன. எத்தொழில் கற்றாரும் கரை கட்டவொண்ணாது. இதனைத் தம்பி அறியான். பண்டமாற்றுப் பலகணியிற் பொருளனைத்தையும் வைத்தான். "நீர் பெறுவது ஒன்றுமில்லை" என இரண்டாம் பலகணி எச்சரித்தும், ஒப்புக்கொண்டான். அன்றிரவு கைப்பேசியில் எம்மை அழைத்து, "அண்ணா, அவர் போய் ஒருமணி நேரமாயிற்று. வந்துவிடுவார் அல்லவா?" என்றான். 'அவர்' என்று மரியாதையோடு அவன் கூறியதே எம்மை வருத்திற்று. இருமடங்காக்கித் தருவேன் எனக் காசு கேட்பாரும் இவ்வினத்தினரே. பயிற்சித்தீவைப் பற்றி அவனுக்கு நெடுநேரம் எடுத்துரைத்த யாம், இதனை மட்டும் சொல்லாது விட்டோம்.

எட்கவில்லுக்கும் வாரக்கிற்கும் வடக்கே ஒரு பள்ளம் குறுக்கிடும். அதற்கப்பால் வனாந்தரம். ஆங்கு ஆடுவார் ஒருவரையொருவர் கொல்லலாம். கொல்லப்பட்டவர்க்குப் பொதுவாக விலையுயர்ந்த மூன்று பொருளே எஞ்சும். தாமே முற்பட்டுப் பிறரைத் தாக்கினார்க்கு அவையும் இல்லை. ஆதலின் இழத்தற்கு அஞ்சாப் பொருளை மட்டுமே கொண்டு செல்க. இவ்வனாந்தரத்துப் பச்சை டிராகன்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 2017-ஐ அடுத்த ஆண்டுகளில் வெனிசுவேலா நாட்டில் நாணயம் மதிப்பிழந்தபோது, அந்நாட்டவர் பலர் அவற்றைக் கொன்று, எலும்பும் தோலும் விற்று, சேர்ந்த ஆட்டப்பொன்னை விதிக்கு மாறாக மெய்ப்பணத்திற்கு விற்று உணவு வாங்கினர். அவரை வேட்டையாடுதற்கென வழிகாட்டிக் கட்டுரை எழுதினாரும் உளர். விதியை மீறியவர் அவரே; எனினும் ஒருவர்க்கு மாலைப்பொழுதின் கேளிக்கை, எதிர்நின்றவர்க்கு அன்றைய இரவுணவு. வாளோங்கும்போது எதிர்நிற்பார் எவரெனத் தெரிவதில்லை என யாம் தொடக்கத்திற் கூறியதன் பொருளை, இச்செய்தி படித்த பின்னரே யாம் உணர்ந்தோம்.

இறுதியாக ஹான்ஸ். லம்பிரிட்ஜ் கோட்டையைச் சுற்றி ஓயாது நடந்துகொண்டிருக்கும் கிழவேலையாள் இவர். அவரை நிறுத்தி, "யாம் இந்நாட்டில் எத்துணைக் காலம் கழித்தோம்?" என வினவினால் நாளும் மணியுமாகக் கணக்குரைப்பார். பொருளதிகாரத் தேர்வுக்கு முந்திய வாரம் விளையாட்டாக வினவினோம். 31 நாளும் 7 மணியும் என்றார். அவர் கூறும் நாள் 24 மணி கொண்டது. ஆக 751 மணி. கல்லூரியிற் சேர்ந்த ஈராண்டில் நாளொன்றுக்கு ஒரு மணிக்கும் சற்று மிகுதி. மேசைமேல் இளம்பூரணர் உரை பாதியிற் குறியிட்டுக் கிடந்தது.

ஆட்டத்தை யாம் விடவில்லை. அதனை மின்சாரவண்டிக்கு வெளியே கொண்டுபோவதை மட்டும் விட்டோம். ஆவடியில் ஏறிப் புகுந்து, பெரம்பூர் வருமுன் வெளியேறுகின்றோம். புதியவர் இதற்கும் ஒரு செய்தி அறிக: போரிடும்போது உடனே வெளியேற இயலாது, கடைசி அடி விழுந்தபின் பத்து நொடி பொறுத்தல் வேண்டும். ஆகவே வில்லிவாக்கம் கடந்தபின் காப்ளினோடு சண்டை தொடங்கற்க.