15 கிலோ சூட்கேஸ்... ஆறு வாரம் ஆயுள்!

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற ரூட்டில் இருக்கும் திருப்புட்குழி தெரியுமா? 'புள்' என்றால் பறவை. சீதையை ராவணன் தூக்கிப் போன சேதியைச் சொல்வதற்காகவே உயிரைப் பிடித்து வைத்திருந்த ஜடாயுவுக்கு, ராமர் இறுதிக்கடன் செய்த இடம் இதுதான் என்கிறது தலபுராணம்.

அதே காஞ்சிபுரம் வட்டாரத்தில்தான் புள்ளலூரும் இருக்கு. 1780 செப்டம்பர் 10-ல் கர்னல் பெய்லியின் பிரிட்டிஷ் படையை ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் துவைத்து எடுத்த ஊர். அந்தத் திப்புவின் வம்சத்தில் வந்த ஒரு பெண், பின்னாளில் அதே பிரிட்டனுக்காகச் சேதி அனுப்பியே உயிரை விட்டார். பேர், நூர் இனாயத் கான்.

1943 ஜூன். பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில். ராத்திரியோட ராத்திரியாக குட்டி விமானத்தில் போய் இறங்கினார் நூர். பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரகசிய வயர்லெஸ் அனுப்பணும். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸுக்கு பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான்.

அந்தக் கால உளவாளிகளிடம் பேர் போன செட், 'டைப் 3 மார்க் 2'. பார்க்க சாதாரண சூட்கேஸ். தூக்கினால் சுமார் 15 கிலோ! டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், பவர் சப்ளை, மோர்ஸ் கீ எல்லாம் உள்ளே. பவர் வெறும் 20 வாட்ஸ், பழைய டியூப்லைட்டில் பாதி! அது எப்படிக் கடல் தாண்டும்? சிற்றலை மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, தூரத்தில் திரும்பி விழும். அதான் மேட்டர்.

சிக்கலும் அங்கேதான். சிக்னல் லண்டனுக்கு மட்டுமா கேட்கும்? திசை கண்டுபிடிக்கும் கருவியோட ஜெர்மன் வேன்கள் தெருத்தெருவா மோப்பம் பிடிக்கும். நீளமா ஏரியல் கட்டி, மளமளன்னு தட்டி முடிச்சு, பெட்டியோட இடம் மாறிடணும். இந்த வேலையில் ஒருத்தர் ஆறு வாரம் தாங்கினால் அதிகம்னு கணக்கு.

நூர் போன சில நாளிலேயே அவர் குழுவில் வரிசையாகக் கைது. 'திரும்பி வந்துடு' என்றது லண்டன். மாட்டேன்னுட்டார். அக்டோபர் வரை தாக்குப்பிடித்தவரை யாரோ காட்டிக்கொடுத்தார்கள். விசாரணையில் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கலை. ஆனா செட்டும், அனுப்பிய செய்திகளை எழுதிவைத்த நோட்டும் சிக்கின. அவர் பேரிலேயே ஜெர்மானியர்கள் செய்தி தட்ட, லண்டன் நம்பியது. இன்னும் பல ஏஜென்ட்கள் மாட்டினார்கள்.

1944 செப்டம்பர் 13-ல் டாக்காவ் முகாமில் நூரைச் சுட்டுக் கொன்றார்கள். வயசு 30. பிரிட்டன் 1949-ல் 'ஜார்ஜ் கிராஸ்' விருது கொடுத்தது.

மெசேஜை ஃபார்வர்ட் பண்ண நமக்கு ஒரு செகண்ட் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் உயிரைப் பணயம் வெச்சவங்க இருந்திருக்காங்க, ஃப்ரெண்ட்ஸ். அனுப்பறது யாருன்னு பார்க்காமல் நம்பினால் என்ன விலைன்னும் அந்த சூட்கேஸ் சொல்லுது!