வாடகை குறைந்தால் மட்டும் வீடு மலிவாகுமா?

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளியைத் தாண்டி நிலாவெளி வீதியில் சென்றால் சாம்பல்தீவு வருகிறது. நகரத்துக் கடைகளில் வேலை செய்வோர், கரையோர ஹோட்டல்களில் பணிபுரிவோர், மீன் வியாபாரிகள், முச்சக்கர வண்டி ஓட்டுவோர் என அன்றாட வருமானத்தில் வாழும் பலருக்கு இந்தப் பகுதி வசதியானது. நகரும் கிட்ட, கடலும் கிட்ட. ஆனால் இவர்களின் கைக்கெட்டும் வாடகை வீடு கிடைப்பதுதான் கடினம்.

இது வீடில்லாதவரின் பிரச்சினை மட்டுமல்ல, வியாபாரியின் பிரச்சினையும்தான். கடைக்கு அருகில் தங்க இடமில்லாத ஊழியர் நீண்ட நாள் நிலைப்பதில்லை. சிறு வியாபாரி தானே வாடகைக்குப் போகும்போதோ கடையின் முதல் வீட்டு முற்பணத்தில் முடங்கிவிடுகிறது.

வாடகை வீடு ஏன் குறைவு?

நமது நாட்டில் வீட்டுக் கொள்கை என்றாலே சொந்த வீடு என்றுதான் பொருள். 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நமது கரையோரங்களில் வந்த உதவிகளும் பெரும்பாலும் காணிக்கு உரிமை காட்டக்கூடியவரை மையமாகக் கொண்டவையே. வாடகைக் குடியிருப்பாளர் வரிசையின் கடைசியில் நின்றார். 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீட்டிலேயே இருந்தன.

மறுபுறம், வீட்டுச் சொந்தக்காரருக்கும் அச்சம் இருந்தது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. குடியிருப்பவரை எழுப்புவதையும் கடினமாக்கியது. 1973இல் வந்த வீட்டு உச்சவரம்புச் சட்டம், சார்ந்திருக்கும் பிள்ளைகளின் தொகையுடன் இரண்டைக் கூட்டிய அளவுக்கு மேல் ஒரு குடும்பம் வீடு வைத்திருப்பதைத் தடுத்தது. குடியிருப்பவரைக் காப்பதே நோக்கம். ஆயினும், வாடகைக்கென்று வீடு கட்டும் ஆர்வம் அதன்பின் குன்றிப்போனது. "கொடுத்தால் திரும்பி வராது" என்ற பேச்சு இன்றும் நம்மிடையே உண்டு. அந்த அச்சத்தின் விலைதான் பெரிய முற்பணம்.

முற்பணத்தையும் கணக்கில் எடுங்கள்

ஓர் உதாரணம். முதல் வீட்டுக்கு மாத வாடகை 12,000 ரூபா, முற்பணம் ஒரு வருட வாடகையான 144,000 ரூபா. இரண்டாவது வீட்டுக்கு வாடகை 14,000 ரூபா, முற்பணம் மூன்று மாத வாடகையான 42,000 ரூபா. எது மலிவு? பலர் முதல் வீடு என்பார்கள். ஆனால் இரு முற்பணங்களுக்கும் இடையே 102,000 ரூபா வித்தியாசம் உண்டு. உங்கள் கடையில் சுழலும் பணம் மாதம் 3 வீத இலாபம் தருமானால், அந்தத் தொகை 3,060 ரூபா உழைக்கும். வாடகையில் மிச்சம் 2,000 ரூபா மட்டுமே. ஆகவே இரண்டாவது வீடுதான் மாதம் 1,060 ரூபா இலாபம். நாட்கூலி பெறுபவருக்கோ முதல் வீட்டின் கதவே திறக்காது.

ஒற்றி வீடு

பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவதே ஒற்றி. மலிவானதாகத் தோன்றும். ஆனால் கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்காக அடகுப் பொருளை அனுபவிப்பது வட்டியின் பாற்படும் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு. வியாபார ரீதியிலும் ஆபத்து உண்டு. சொந்தக்காரர் பணத்தைச் செலவழித்துவிட்டால் தவணை முடிவில் திருப்பித் தர வழியிருக்காது. இதற்கு நேரான மாற்று, கொடுக்கும் தொகையை முன்கூட்டிய வாடகையாகவே எழுதி மாதாமாதம் கழித்து வருவது. இருவருக்கும் கணக்குத் தெளிவாக இருக்கும்.

காகிதம் சரியாக இருக்கட்டும்

முத்திரை ஒட்டிய தாளில் இருவர் கையொப்பமிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். போதாது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை இரு சாட்சிகளுடன் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இல்லையேல் அது நீதிமன்றத்தில் குத்தகையாக நிற்காது.

குத்தகைக் காலம் முடிந்தும் குடியிருப்பவர் வெளியேறாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் விரைவாக உடைமையை மீளப் பெறுவதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் தனி நடைமுறையை வகுத்தது. முறையான குத்தகைப் பத்திரம் இருந்தால்தான் இது உதவும். உங்கள் ஆதனத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரச் செலவை இரு தரப்பும் பாதியாகப் பகிரலாம்.

வியாபாரிகள் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், முற்பணத்தை மூன்று மாத வாடகைக்கு மட்டுப்படுத்தியது. நமது 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே மூன்று மாத வரம்புதான் இருந்தது. எழுதப்பட்ட ஒப்பந்தம் கையில் இருக்கும்போது அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை.

கடையின் மேல்மாடி வெறுமனே கிடந்தால், தனிக் குளியலறையும் தனி மின்மானியும் வைத்து இரண்டு அறைகளாக்குங்கள். ஒரே குடும்பத்திடம் பெறும் வாடகையைவிட, இருவரிடம் பெறும் குறைந்த வாடகை கூடுதலாகவும் நிலையாகவும் வரும். ஊழியருக்கு வீடு எடுக்கும்போது முற்பணத்தை நீங்கள் நேரடியாகச் சொந்தக்காரரிடம் செலுத்தி, சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழிக்கலாம். அதற்கு மேலதிகமாக எதுவும் அறவிட வேண்டாம். அவர் விலகினால் மீதி எவ்வாறு தீர்க்கப்படும் என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் வாடகை வீடு கட்டித் தரும் என்று காத்திருப்பதைவிட, இருக்கும் அறைகளைத் திறந்துவிடுவது சுலபம். பூட்டிய அறை எவருக்கும் சம்பாதித்துத் தராது. பெரிய முற்பணத்தின் இடத்தில் நல்ல பத்திரம் ஒன்று வந்தால், சொந்தக்காரரின் அச்சமும் குறையும், குடியிருப்பவரின் சுமையும் குறையும்.