மூச்சுக்குழாயினுள் நுழையும் கண்

1897ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஜேர்மனி தேசத்தின் பிரைபேர்க் நகரிலே, 63 வயதுடைய விவசாயி ஒருவர் குஸ்தாவ் கில்லியன் என்னும் வைத்தியரிடம் கொண்டுவரப்பட்டார். உணவருந்தும்போது பன்றியிறைச்சி எலும்புத்துண்டு ஒன்று வழிதவறிச் சென்று, அவருடைய வலப்பக்க மூச்சுக்கிளையிலே சிக்கிக்கொண்டது. கில்லியன் அவருடைய தொண்டையைக் கொக்கெயின் மருந்தினால் மரக்கச் செய்தார், உணவுக்குழாயைப் பார்ப்பதற்கென ஆக்கப்பட்ட நேரான உலோகக் குழாயொன்றைக் குரல்வளையினூடாக இறக்கினார், எலும்பைக் கண்டார், இடுக்கியினாற் பற்றி வெளியே எடுத்தார். கத்தி வைக்காமலே காரியம் முடிந்தது. மூச்சுக்குழாய் அகநோக்கியின் வரலாறு இந்த எலும்புத்துண்டிலேதான் தொடங்குகிறது. இக்கருவியையே வைத்தியர்கள் புரொங்கோஸ்கோப் என்று அழைக்கின்றனர்.

இதற்கும் முன்னர், 1854ஆம் ஆண்டிலே, ஒருவர் சூரிய வெளிச்சத்தையும் இரு கண்ணாடிகளையும் துணையாகக் கொண்டு தம்முடைய குரல்நாண்கள் அசைவதைத் தாமே பார்த்து மகிழ்ந்தார். அவர் வைத்தியரல்லர், மனுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர். நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த பாக்கியவானும்கூட.

கில்லியன் காட்டிய வழியை அமெரிக்காவிலே பெருவீதியாக்கியவர் செவாலியர் ஜாக்சன். குழந்தைகளின் கையிற் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தானே போகும்! ஊசி, நாணயம், சட்டைப்பொத்தான், விளையாட்டுச் சாமான் என்று, மனிதர் விழுங்கியும் உறிஞ்சியும் உள்ளே இழுத்துக்கொண்ட 2,374 பொருள்களை அவர் சேகரித்து வைத்தார். பிலடெல்பியா நகரத்து மூட்டர் நூதனசாலையிலே அவற்றை இன்றும் காணலாம். கச்சான் கொறிக்கும் சிறுவரை வீட்டில் வைத்திருக்கும் தாய்மார் அச்சேகரிப்பைப் பார்த்தால் அன்றிரவு உறங்கமாட்டார்கள்.

ஆயினும் ஜாக்சன் கருவியோடு நின்றுவிடவில்லை. அக்காலத்தில் வீடு சுத்தஞ் செய்வதற்கும் சவர்க்காரம் காய்ச்சுவதற்கும் பயன்பட்ட கடுங்காரத்தை அறியாது குடித்து, உணவுக்குழாய் வெந்து சுருங்கிய குழந்தைகள் ஓயாது அவரிடம் வந்தனர். புட்டியின்மேல் எச்சரிக்கை எழுதவேண்டுமென்று எந்தச் சட்டமும் அன்று கட்டாயப்படுத்தவில்லை. அவர் பல ஆண்டுகள் வாதாடியதன் பயனாக, அத்தகைய பொருள்கள்மீது ‘விஷம்’ என்று பொறிக்கப்படவேண்டும் என்ற சட்டம் 1927ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் நிறைவேறியது.

புட்டிக்குச் சட்டம் வந்துவிட்டது. அவர் கையிலிருந்த குழாய்க்கு வரவில்லை. அதற்குப் பின்னும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. இதற்கிடையில் கருவியே உருமாறிவிட்டது. 1966ஆம் ஆண்டிலே யப்பானிய வைத்தியர் சிகெற்றோ இக்கேடா, மயிரிழையிலும் மெல்லிய பல்லாயிரம் கண்ணாடி நார்களைக் கற்றையாகக் கட்டி, வளைந்து செல்லும் அகநோக்கியை உலகுக்குக் காட்டினார். நேரான இரும்புக் குழாய் எட்டாத கிளைகளிலும் அது நுழைந்தது. சளியை உறிஞ்சவும், சிறு தசைத்துணுக்கைக் கிள்ளியெடுக்கவும் அதனுள்ளே ஒடுக்கமான கால்வாய் ஒன்று ஓடியது. இக்கால்வாயை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். பின்னர் அதனிடம் திரும்புவோம்.

கர்ப்பத்தடைக்கென விற்பனையான ஒரு சாதனம் அமெரிக்கப் பெண்கள் பலருக்கு நோயையும், சிலருக்கு மரணத்தையும் விளைத்த பின்னரே அந்நாட்டுச் சட்டசபை விழித்துக்கொண்டது. 1976ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி மருத்துவக் கருவிகளுக்கான சட்டம் கையொப்பமாயிற்று. அது கருவிகளை மூன்று வகுப்புகளாக்கியது. இதயத்தில் வைக்கும் செயற்கை வால்வு போன்றவை மூன்றாம் வகுப்பு. அவற்றை விற்க முன்னர் அவை பயன் தருவன, தீங்கற்றவை என்று தனித்தனியே நிலைநாட்டி அங்கீகாரம் பெறவேண்டும். மூச்சுக்குழாய் அகநோக்கியோ இரண்டாம் வகுப்பு. அதற்கு வேண்டியது அங்கீகாரமன்று, அனுமதி.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் கேட்கலாம். புதிய அகநோக்கியைச் செய்யும் நிறுவனம், முன்னரே சட்டப்படி விற்பனையில் உள்ள ஒரு கருவியைச் சுட்டிக்காட்டி, ‘எமது கருவியின் நோக்கமும் அதுவே, அமைப்பில் வேறுபாடு இருப்பினும் அதனாற் புதிய ஆபத்துக் குறித்த கேள்வி எதுவும் எழவில்லை’ என்று காட்டினாற் போதும். உணவு மருந்து நிருவாகம் அதனை ஏற்றுக்கொண்டால் விற்பனைக்கு வழி திறக்கும். தமையனைப் பார்த்துத் தம்பிக்குப் பெண் கொடுப்பது போன்றது இம்முறை. தமையன் உத்தமனாயின் நன்று. ஆனால் அத்தமையனும் தன் தமையனைக் காட்டியே உள்ளே வந்தவன்; இப்படியே பின்னோக்கிச் சென்றால், 1976க்கு முன்னர் எவருடைய சோதனையுமின்றிச் சந்தையில் இருந்த மூத்தவனிடமே சென்று சேரலாம். அனுமதி பெற்ற நிறுவனம் தன் கருவியை ‘அரசாங்கம் அங்கீகரித்தது’ என்று விளம்பரஞ் செய்தல் குற்றமென அந்நாட்டு விதியே கூறுவது இக்காரணம்பற்றியே.

எனினும் இம்முறையை வெறுஞ் சடங்கென்று தள்ளுவதும் நியாயமன்று. விண்ணப்பத்தோடு சோதனைக் கட்டுகள் பல செல்லவேண்டும். உடலைத் தொடும் பொருள் உயிரணுவை நஞ்சூட்டுமா, மின்சாரம் கசியுமா, நுனியிலுள்ள விளக்கின் வெப்பம் மென்சவ்வைச் சுடுமா, பலமுறை வளைத்தாலும் நுனி சொற்கேட்டுத் திரும்புமா, காட்டும் படம் தெளிவானதா என்றெல்லாம் அளந்து காட்டவேண்டும். ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தும் கருவியாயின், அதைக் கழுவித் தொற்றுநீக்கும் முறையையும் எழுதிக் கொடுக்கவேண்டும். பெரும் துன்பம் புகுந்தது இக்கடைசி வாயிலூடாகவே.

2001ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பெயர்பெற்ற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அகநோக்கியால் எடுக்கப்பட்ட சளி மாதிரிகளில் சூடோமோனாஸ் என்னும் கிருமி வழக்கத்துக்கு மாறாக மிகுந்தது. முன்பு நூற்றுக்கு 10.4 மாதிரிகளிற் காணப்பட்டது, 31.0 ஆக உயர்ந்தது. ஆராய்ந்தபோது, சில அகநோக்கிகளின் கால்வாய் வாயிலே பொருத்தப்பட்டிருந்த சிறு மூடி தளர்ந்திருந்தமை தெரியவந்தது. நாம் மேலே கூறிய அதே கால்வாய்! எத்துணை கழுவினும் தளர்ந்த மூடியின் கீழே கிருமி குடியிருந்தது; ஒருவர் மூச்சிலிருந்து மற்றவர் மூச்சுக்குள் அது பயணஞ்செய்தது. அக்காலப்பகுதியில் சோதிக்கப்பட்ட 414 நோயாளருள் 39 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. மூவருடைய மரணத்தில் இக்கருவிக்குப் பங்கிருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் எழுதினர். கருவிகளை அகற்றியதும் கிருமியின் அளவு பழைய நிலைக்கு இறங்கியது. கழுவியவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று எளிதிற் பழி சுமத்திவிடலாம். இங்கே பிழை கருவியிலேயே இருந்தது.

தனிப்பட்ட ஒரு வைத்தியசாலையின் கதையாகவும் இது முடியவில்லை. 2010 முதல் 2015 நடுப்பகுதி வரை, அகநோக்கி மாசுபட்டமை அல்லது தொற்றுப் பரப்பியமை குறித்து 109 அறிக்கைகள் தமக்குக் கிடைத்ததாக உணவு மருந்து நிருவாகம் 2015ஆம் ஆண்டிலே அறிவித்தது. அனுமதி அளித்தபோது எழாத கேள்வி, கருவி ஆயிரம் நோயாளரைக் கண்ட பின்னர் எழுந்தது.

விடையாக வந்த ஒன்று, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் அகநோக்கி. டென்மார்க் தேசத்து அம்பு என்ற நிறுவனம் 2009ஆம் ஆண்டிலே அதனை வெளியிட்டது. கண்ணாடி நார்க்கற்றைக்குப் பதிலாக நுனியிலே கடுகுபோன்ற சிறு கமெரா. கழுவும் வேலையே இல்லை. தொற்றுப் பரவும் அபாயம் மிகுந்த வேளைகளிலும், உடனடியாகக் கழுவ வசதியில்லாத இடங்களிலும் இவ்வகையைக் கருத்திற் கொள்ளும்படி 2021ஆம் ஆண்டிலே அந்நிருவாகம் வைத்தியசாலைகளுக்கு ஆலோசனை கூறியது. ஆனால் ஒவ்வொரு நோயாளருக்கும் ஒரு கமெராவைக் குப்பையில் இடுவது எல்லா நாட்டுக்கும் இயலுமா? நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவக் கருவிகள் பதிவு செய்யப்படவேண்டும். அப்பதிவும் கருவியைத்தான் நோக்கும். அது பின்னர் எவ்வாறு கழுவப்படுகிறது என்பது வைத்தியசாலைக்குள்ளே நடக்கும் காரியம்.

அக்காரியம் சிறியதன்று. சோதனை முடிந்த கணமே, சளி உலர்வதற்கு முன் கால்வாயைக் கழுவவேண்டும். நீரினுள் அமிழ்த்திக் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். நீண்ட தூரிகையைக் கையாலே செலுத்தி உட்புறத்தைத் தேய்க்கவேண்டும். அதன் பிறகே இரசாயனத் தொற்றுநீக்கம். இயலுமாயின் முழுமையான கிருமியழிப்பு. இறுதியில் ஈரம் சிறிதும் இல்லாதவாறு உலர்த்தி, செங்குத்தாகத் தொங்கவிடவேண்டும். சோதனை மேசையிற் படுத்திருப்பவர் வைத்தியரின் முகத்தைக் காண்கிறார், திரையைக் காண்கிறார். முந்தின நாள் மாலை அத்தூரிகையைப் பிடித்திருந்த கையை அவர் காண்பதில்லை.