கடல் கடந்தோரின் வாக்கு: இடாப்பில் பெயர் உண்டு, பெட்டியில் சீட்டு இல்லை

தேர்தல் நாளன்று நாவற்குடாவிலும் அதனை அடுத்துள்ள மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி ஆகிய ஊர்களிலும் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தும் வாக்களிக்க வராதோர் பலர். இவர்களெல்லாம் அரசியலில் அக்கறையற்றவர்கள் என எண்ணிவிடலாகாது. கணிசமானோர் கட்டாரிலும் குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் உழைத்துக்கொண்டிருப்பவர்கள். தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு இவ்விடயத்தில் இல்லை. இரு சமூகத்தாரும் ஒரே விமானத்தில் செல்கின்றனர். ஒரே உரிமையை இழக்கின்றனர்.

2024ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழில்நாடி நாட்டைவிட்டுச் சென்றனர். அவ்வாண்டில் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலரையும் தாண்டியது. நாட்டைத் தாங்கும் இவர்களுக்கு நாட்டை ஆள்வோரைத் தெரிவுசெய்யும் வழி இல்லை. எமது தபால்மூல வாக்களிப்பு, தேர்தற் கடமையிலும் அத்தியாவசிய சேவையிலும் உள்ள அரச ஊழியர், பொலிஸார், படையினர் போன்றோருக்கே உரியது. மற்றையோர் தமக்குரிய நிலையத்துக்கு நேரில் வந்தாக வேண்டும்.

இவ்விடயத்தில் பிரான்ஸ் நாட்டின் ஏற்பாடு கவனத்துக்குரியது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுப் பிரஜை தாம் வாழும் பகுதிக்குரிய துணைத் தூதரகத்தின் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பின்னர் தூதரகம் அமைக்கும் நிலையத்தில் ஜனாதிபதித் தேர்தலில் நேரடியாக வாக்களிக்கலாம்; அல்லது இன்னொரு வாக்காளருக்கு அதிகாரமளித்துத் தம் சார்பில் வாக்களிக்கச் செய்யலாம். தூதரக நிலையங்களில் ஜனாதிபதித் தேர்தலுக்கு வாக்களிக்கும் முறை 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. 2012 முதல் 577 பேர் கொண்ட தேசிய சபையில் 11 உறுப்பினர்கள் வெளிநாடுவாழ் பிரெஞ்சு மக்களாலேயே தெரிவுசெய்யப்படுகின்றனர். செனட் சபையிலும் அவர்களுக்கென 12 ஆசனங்கள் உள்ளன. ஒருவர் ஊரிலுள்ள இடாப்பு, தூதரக இடாப்பு ஆகிய இரண்டிலும் பெயர் வைத்திருக்க 2019 முதல் இடமில்லை. இரட்டை வாக்குக்கு இவ்வாறு வழி அடைக்கப்பட்டது.

இதன் பயனைத் தமிழரும் அனுபவிக்கின்றனர். புதுச்சேரி, காரைக்கால் ஆகிய பகுதிகள் 1962இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள், பாரிஸ் நகரைக் காணாதவர்களாயினும், அந்நாட்டு ஜனாதிபதியைத் தெரிவுசெய்யத் தத்தம் ஊரிலேயே வரிசையில் நிற்கின்றனர்.

தொழில்நுட்பம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் பிரான்ஸ் ஒரு பாடமாகும். தேசிய சபைத் தேர்தலில் வெளிநாட்டினருக்கு 2012இல் இணையவழி வாக்களிப்பு வழங்கப்பட்டது. 2017இல் இணைய ஊடுருவல் அச்சத்தால் அது நிறுத்தப்பட்டது. 2022இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்றளவும் இணைய வாக்கு அனுமதிக்கப்படவில்லை.

எனினும் எமது நிலைக்கு மிக நெருங்கிய நாடு பிலிப்பைன்ஸ் ஆகும். மத்திய கிழக்குக்குப் பெருந்தொகையான பணிப்பெண்களையும் தொழிலாளரையும் அனுப்பும் அந்நாடு, 2003இல் தனிச் சட்டம் இயற்றி 2004ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே அதனைச் செயற்படுத்தியது. வெளிநாடுகளில் ஒரு நாளன்று, ஏறத்தாழ ஒரு மாத காலம் வாக்களிக்க அங்கு இடமுண்டு. வீட்டெஜமானின் அனுமதியின்றி வாசலைத் தாண்ட இயலாத பணிப்பெண்ணுக்கு இந்த அவகாசத்தின் அருமை புரியும். இந்தியாவோ 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வெளிநாடுவாழ் பிரஜைகளின் பெயரை இடாப்பில் சேர்க்க இசைந்தது. ஆயினும் வாக்களிக்க நேரில் வரவேண்டும் என்றது. விமானச் சீட்டு வாங்க வசதியுள்ளவருக்கே அவ்வுரிமை பயன்படும்.

தூரத்திலிருந்து வாக்களித்தல் எமக்குப் புதிதன்று. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்திலிருந்தவாறே தமது சொந்த மாவட்டங்களுக்கு வாக்களித்திருக்கின்றனர். 2004ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த படுவான்கரை மக்களுக்கு அரச கட்டுப்பாட்டு எல்லையோரம் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. வாவியைக் கடக்க முடியாதவருக்காக வாக்குப் பெட்டியை நகர்த்திய நாடு, கடலைக் கடந்தவருக்காகவும் அதனை நகர்த்த முடியும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்துக்குமான பாராளுமன்ற ஆசனங்கள் பெரும்பாலும் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையைக் கொண்டே பகிரப்படுகின்றன. 2010இல் 9 ஆசனங்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2020இல் 7 ஆகவும் 2024இல் 6 ஆகவும் சுருங்கியது. ஆகவே, இடாப்பிலிருந்து நீங்கும் ஒவ்வொரு பெயரும் தனிமனிதரின் இழப்பு மட்டுமன்று. ஐந்து ஆசனங்களைக் கொண்ட மட்டக்களப்பில், ஒரு சமூகத்தின் பெயர்கள் கூடுவதை மற்றைய சமூகம் ஐயத்துடன் நோக்கும் நிலையும் உண்டு. அந்த ஐயத்துக்கு மருந்து, இடாப்பு நேர்மையாகத் திருத்தப்படுவதும் எவர் எங்கே வாக்களிக்கிறார் என்பது வெளிப்படையாக இருப்பதுமேயாகும்.

புலம்பெயர்ந்து வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றோரின் நிலை வேறு. இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர் அதனை மீளப்பெறாமல் இங்கு வாக்காளராக முடியாது. அவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் ஒன்றாகக் கலந்து பேசுவதாலேயே இந்தக் கோரிக்கை அரசியற் சந்தேகத்துக்கு ஆளாகிறது. இரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பவுள்ள பணிப்பெண்ணோ சாரதியோ எந்தக் கணக்கில் பார்த்தாலும் இந்நாட்டின் வாக்காளரே.

எனவே முதற்படியாக, தொழிலாளர் செறிந்துள்ள வளைகுடா நாடுகளின் தூதரகங்களில் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பல நாட்கள் நீடிக்கும் இரகசிய வாக்களிப்பை ஏற்படுத்துவது பொருத்தமாகும். மாவட்டந்தோறும் பட்டியல் வேறுபடும் பொதுத் தேர்தலைவிட, நாடெங்கும் ஒரே வாக்குச் சீட்டு வழங்கப்படும் அத்தேர்தலில் இதனைத் தொடங்குவது எளிது. கடவுச்சீட்டு எஜமானின் கையில் இருப்போருக்கு மாற்று அடையாளச் சான்றும் ஏற்கப்படல் வேண்டும்.

சட்டம் வரும்வரை குடும்பத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. ஆண்டுதோறும் இடாப்பு திருத்தப்படும்போது, வெளிநாட்டிலுள்ளவர் பற்றிய உண்மையான விபரத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் தெரிவித்து, பெயர் உள்ளதா எனச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெயரே இல்லாதவருக்கு, நாளை தூதரக வாசலில் பெட்டி வைக்கப்பட்டாலும் பயனில்லை.