பனிச்சரிவும் செயற்கைக்கோளும்

2016 பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் உள்ள சோனம் காவல்நிலை மீது பெரும் பனிச்சுவர் பெயர்ந்து விழுந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாளத்தைச் சேர்ந்த பத்து வீரர்கள் அதனடியில் புதையுண்டனர். கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டார். பிப்ரவரி 11-இல் தில்லி மருத்துவமனையில் அவரும் உயிர் நீத்தார். பனியையே காணாத தென்னாட்டு ஊர்கள் பலவற்றில் அன்று துக்கம் சூழ்ந்தது.

அவர் அத்தனை நாள் உயிர் தரித்தது மிக அரிய நிகழ்ச்சி. பனியில் புதைந்தோரை 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரை மணி கடந்தாலோ மூச்சுத் திணறி இறப்போரே மிகுதி. ஆகவே, மீட்புப் பணியைவிட முன்னெச்சரிக்கையே முதன்மை பெறுகிறது.

சியாச்சினில் நேர்ந்தது பனிச்சுவரின் சரிவு. இமயச் சரிவுகளில் அடிக்கடி நிகழ்வது வேறு வகை. அங்கே பனி ஒரே குவியலாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் தனித்தனி அடுக்காகப் படிகிறது. தரையை ஒட்டிய பனி சற்று வெப்பமாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும்போது, அடியிலிருந்து எழும் நீராவி அங்குள்ள துகள்களைச் சீனி போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடுகிறது. இதன்மேல் புதுப்பனி கனமாக விழுந்தாலும், காற்று பனியைக் கொண்டுவந்து குவித்தாலும், ஏன், ஒரு மனிதர் நடந்தாலும்கூட, மேலடுக்கு பலகையாகப் பிளந்து சறுக்கிவிடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே இதற்கு மிகவும் இடமளிப்பவை. குளிரும் வறட்சியும் மிகுந்த காரகோரத்தில் இத்தகைய நலிந்த அடுக்கு எளிதில் உருவாகிறது. பீர்பஞ்சாலில் பனி சற்று வெப்பமாகவும் கனத்தும் பெய்வதால் அங்கு அபாயத்தின் தன்மை வேறு.

1969-இல் மணாலியில் தொடங்கப்பெற்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் நெடுங்காலம் இப்பணியை ஆற்றிவந்தது. 2020-இல் அது மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டது. சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் இப்போது எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

இதில் பெங்களூருக்கும் பங்குண்டு. இஸ்ரோவும் நாசாவும் கூட்டாக உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் இந்நகரில்தான் ஒருங்கிணைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் இரு ராடார்களுக்கும் மேகமும் இருளும் தடையல்ல. உலர்ந்த பனியினுள்ளும் அவற்றின் அலைகள் ஊடுருவும். எனினும் ஈரப்பனி அவ்வலைகளை விழுங்கிவிடும். செங்குத்தான பள்ளத்தாக்குகளில் பிம்பம் சிதையும். மேலும், செயற்கைக்கோள் 12 நாட்களுக்கு ஒருமுறையே அதே பாதையில் திரும்பி வருகிறது. புயலோ ஓரிரவில் சரிவை நிரப்பிவிடுகிறது.

எனவேதான் இன்றும் மலையில் பணிபுரிவோர் மண்வெட்டியால் பனியில் குழி தோண்டி, அதன் சுவரில் அடுக்கடுக்காக வெப்பநிலையை அளக்கின்றனர்; துகளை உள்ளங்கையில் எடுத்து, அது ஒட்டுகிறதா, உதிர்கிறதா என்று பார்க்கின்றனர்.